கத்துக்குட்டியின் விடைத்தாள்

தேர்வு மையத்தில் நெல்லையப்பன் விடைத்தாளைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். துடைத்ததால் எழுத்து ஒன்றும் மாறிவிடவில்லை.

"முதல் கணக்கு, 'இது நமக்கு வராது.' ரெண்டாங்கணக்கு, 'இது நமக்கு வராது.' மூணாவதுல ஏதோ கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கு, பரவாயில்ல. நாலாவதுல எக்ஸைப் பாத்ததும் மறுபடியும் 'இது நமக்கு வராது.'" தாளை மேசைமேல் வைத்தார். "என் சர்வீஸ்ல தப்பு விடையைப் பாத்திருக்கேன், வெத்துத் தாளைப் பாத்திருக்கேன். இப்படிக் கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிக்கிட்ட தாளை இப்பத்தாம்மா பாக்கேன்."

எதிரே உட்கார்ந்திருந்த மெர்சலினுக்கு முகம் சூடானது. அவளுக்கும் அவருக்கும் நடுவில், உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி, ஒற்றைக் கண்ணில் பச்சை வெளிச்சத்தோடு, இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இருந்தது. அதுதான் ஒத்திகைத் தேர்வு எழுதிய ஆள். அரசாங்கத் தாள்களில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தூத்துக்குடியில் யாரும் அதைச் சொன்னதில்லை. கத்துக்குட்டி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மெர்சலின் அதையும் சுருக்கிக் குட்டி என்று கூப்பிட்டாள்.

"நான் இப்படிச் சொல்லிக் குடுக்கவே இல்லியே சார்."

"நீங்க சொல்லாததை அது எழுதாதும்மா. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்ககிட்ட கேட்டதுதான்."

"அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சுத் தர முடியுமா?"

"அதுக்குள்ள கையை விட்டு ஒண்ணை மட்டும் உருவ முடியாது. நீங்க செஞ்சு காட்டி மாத்தணும். இல்ல, அழிச்சா மொத்தமா அழிக்கணும். அப்புறம் அனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கணும். நிஜப் பரிச்சைக்கு மூணு வாரந்தான் இருக்கு. உங்களுக்கு இது கடைசி வாய்ப்பு, ஞாபகம் இருக்குல்லா?"

மறக்கக்கூடிய விஷயமா அது? ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது தடவையும் தோற்றால் மறுபடி விண்ணப்பிக்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். மெர்சலினின் புருஷன் ததேயு கீழூரில் இருந்தான். மன்னார் வளைகுடாவில் கடலடியில் கட்டிய ஊர் அது. கடல்நீரைப் பிளந்து எரிபொருள் எடுக்கும் ஆலையும், அதில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளும், ஒரு சின்னக் கோயிலும் அதைவிடச் சின்ன மாதாகோயிலும் எல்லாம் கண்ணாடிக்கும் இரும்புக்கும் உள்ளே. ததேயு வருஷத்துக்கு ஒரு முறை மேலே வருவான், வெளிறிப்போய், வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பத்து நாள் இருப்பான். போய்விடுவான். மெர்சலினும் அங்கே போய் அவனோடு குடும்பம் நடத்தலாம், தடையில்லை. கத்துக்குட்டி பாஸானால் போதும்.

"சார், அந்த நாலாவது கணக்கை மட்டும் ஒரு தடவை நீங்க போட்டுக் காட்டினா…"

"விதிப்படி நான் சொல்லித்தரக் கூடாதும்மா," என்றார் நெல்லையப்பன் வேகமாக, பெட்டியை அவள் பக்கம் தள்ளியபடி. விதியைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மெர்சலின் வேலை பார்த்த மக்ரூன் பேக்கரியில் அன்றைக்கு முந்திரி உடைக்கிற நாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் அவள் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல அக்கா. கீழூருக்குப் போறது நீ. பரிச்சை எழுதுறது பெட்டியா?"

"ஆரம்பத்துல அங்கே எல்லாக் கணக்கையும் மெஷினே போட்டுச்சு பேச்சி. ஒருநாள் அது கொஞ்ச நேரம் செத்துப்போச்சு. எந்தக் கதவைத் திறக்கலாம், அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு அமுக்கும்னு பாக்க ஒரு ஆள் இல்ல. ஒருத்தரு குத்துமதிப்பா ஒரு நம்பரை வச்சுக்கிட்டுக் கதவைத் திறந்துட்டாரு."

"ஐயையோ."

"அதுலருந்து சட்டம். கணக்குத் தெரியாத ஆளு கீழே குடியிருக்கக் கூடாது."

"சரி, அப்ப நீயே போயி எழுத வேண்டியதுதான?"

"காதுக்குள்ள மெஷினை வச்சுக்கிட்டு எவனும் எழுதிருவான்லா? மனுசனுக்குப் பரிச்சை வச்சா மெஷின்தான் பாஸாவுது. அதான் திருப்பிப் போட்டுட்டாங்க. மெஷினுக்குப் பரிச்சை வச்சு மனுசனைப் பாஸாக்குதாங்க. ஒண்ணுந்தெரியாத பெட்டியைக் குடுப்பாங்க. பேசத் தெரியும், எண்ணத் தெரியும், அவ்வளவுதான். வேற மெஷின் பேசினா காதைப் பொத்திக்கிடும். நான் சொல்லணும். இல்ல, வேற யாராவது சொல்லி, அதை நான் ஆமான்னு ஒத்துக்கணும். எனக்குப் புரிஞ்சாத்தான் அதுக்குப் புரிய வைக்க முடியும்."

பேச்சியம்மாள் ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "என்னமோ போ. நமக்கெதுக்கு அக்கா இந்தக் கணக்கெல்லாம்? நம்ம மண்டையில ஏறவா போவுது?"

"அதைச் சொல்லு," என்றாள் மெர்சலின், பழக்கதோஷத்தில்.

பெட்டியின் பச்சைக் கண் ஒரு தடவை சிமிட்டியது. பாடம் ஏறும்போதுதான் அது அப்படிச் சிமிட்டும்.

மெர்சலினின் கை முந்திரிக் கூடைக்குள் அப்படியே நின்றது. "குட்டி, இப்ப என்னத்த ஏத்திக்கிட்ட?"

"கணக்கு நம்ம மண்டையில ஏறாதுன்னு பேச்சியக்கா சொன்னாங்க," என்றது குட்டி. அதன் குரலில் மெர்சலினின் இழுவை அச்சுப்பிசகாமல் இருந்தது. "நீங்க ஒத்துக்கிட்டீங்க. அதனால அது பாடம்."

"இதுக்கு முன்னாடியும் இப்படி ஏத்திக்கிட்டியா?"

"நெறைய தடவை அக்கா. ஒவ்வொரு கணக்கு ஆரம்பிக்கும்போதும் முதல்ல இதைத்தான சொல்லுவீங்க? அடர்த்தியை ஒரு தடவைதான் சொன்னீங்க. மிதப்பு விசையை ரெண்டு தடவை. இதைத்தான் தினமும் சொன்னீங்க. அதனால இதுதான் முக்கியமான பாடம்னு வச்சுக்கிட்டேன். எத்தனை தடவைன்னு எண்ணிச் சொல்லவா?"

"வேண்டாம்," என்றாள் மெர்சலின். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்திரி உடைக்கிற இடத்தில் மூக்கை உறிஞ்சினால் முதலாளி சத்தம் போடுவார் என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"மாமாவும் சொல்லியிருக்காரு," என்று தொடர்ந்தது குட்டி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "போன்ல பேசும்போதெல்லாம் உங்களை மண்டுன்னு கூப்பிடுவாரு. நீங்க சிரிப்பீங்க. இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் கீழூரிலிருந்து அழைப்பு வந்தபோது, "என்னட்டி மண்டு, எப்படி இருக்க?" என்று ததேயு வழக்கம்போல் ஆரம்பித்தான். அன்றைக்கு மெர்சலின் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். திரையில் ததேயுவின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"நான் விளையாட்டுக்குச் சொன்னதுட்டி."

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியணும்லா?"

"சரி, அதைக் கூப்பிடு. நான் சொல்லிக்கிடுதேன். ஏ குட்டி, அவ மண்டு இல்ல. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா," என்றது குட்டி. "ஆனா அன்னைக்கு மண்டுன்னு சொன்னதும் நீங்க. இன்னைக்கு இல்லன்னு சொல்லுறதும் நீங்க. எதை எடுத்துக்கிடணும்? எந்தக் கணக்கை வச்சு அவங்களை மண்டுன்னு சொன்னீங்க?"

ததேயு தலையைச் சொறிந்தான். "கணக்கெல்லாம் இல்ல. கல்யாணமான புதுசுல இவ பஸ் நம்பரை மாத்திப் பாத்துட்டு ரெண்டு பேரும் ஆறுமுகநேரியில போய் நின்னோம். அன்னைக்கு வச்ச பேரு அது."

"அதுல எக்ஸ் எங்க வருது?"

"எக்ஸெல்லாம் வரல."

"அப்ப அடர்த்தி?"

"ஏ, நீ என்ன வக்கீலா? ஆசையில சொன்னதுப்பா அது!"

"ஆசையில சொன்னா தப்பு சரியாயிருமா மாமா?"

கடலடியில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே பதினோரு வருஷம் வேலை பார்த்த ததேயு, உள்ளங்கை அளவுப் பெட்டிக்கு முன்னால் குற்றவாளிபோல் விழித்தான். மெர்சலினுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அதே சமயம், ஒருவர் தனக்காக இப்படி வாதாடுவது அவள் ஆயுசில் இதுதான் முதல் தடவை என்றும் தோன்றியது. அந்த ஒருவர் ஒரு பெட்டி.

"சொன்னா போதாதுங்க," என்றாள் அவள். "நெல்லையப்பன் சாரும் அதைத்தான் சொல்லி அனுப்பினாரு. அது ஒண்ணை நம்பிருச்சுன்னா, அதுக்கு எதிரா சாட்சி வேணுமாம். செஞ்சு காட்டணுமாம். இந்த வாரத்து வீட்டுப்பாடத்துல ஒரு குழாய்க் கணக்கு இருக்கு. நீங்க குழாய்க்காரர்தான? கொஞ்சம் உதவி பண்ணுங்க."

ததேயு நிமிர்ந்து உட்கார்ந்தான். குழாய் என்றால் அவனுக்குத் தெம்பு வந்துவிடும்.

"வாசி."

"ஒரு குழாயில தண்ணி ஓடுது. போகப்போகக் குழாய் சுருங்கி, விட்டம் பாதியாவுது. சுருங்கின இடத்துல தண்ணியோட வேகம் என்ன?"

"இது ஒரு கணக்கா? விட்டம் பாதியாச்சா, வேகம் ரெண்டு மடங்கு. எழுதிக்கோ."

மெர்சலின் எழுதப் போனாள். பேனா தாளைத் தொடவில்லை. அவள் எழுந்து பின்பக்கம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினாள். தண்ணீர் மதில்வரைக்கும் பீச்சிக்கொண்டு போனது. விரலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஈரக்கையோடு உள்ளே வந்து தாளில் ஒரு பெரிய வட்டமும், அதற்குள்ளே பாதி விட்டத்தில் ஒரு சின்ன வட்டமும் போட்டாள்.

"என்னங்க, தண்ணி போறது விட்டம் வழியா இல்ல, வட்டம் முழுக்கத்தான? இந்தச் சின்ன வட்டத்தைப் பாருங்க. இதுமாதிரி நாலு சேந்தாத்தான் பெரிய வட்டத்தோட பரப்பு வருது. விட்டம் பாதியானா பரப்பு கால்தான் இருக்கு. அங்கே வர்ற அதே தண்ணி இந்தக் கால்வாசி இடத்துல போயாகணும். அப்ப…" அவள் வாய்க்குள்ளேயே ஏதோ பெருக்கினாள். "வேகம் நாலு மடங்குலா?"

ததேயு தன் பக்கத்தில் எதையோ கிறுக்கிப் பார்த்தான். மறுபடி கிறுக்கினான். பிறகு வாயை ஒரு மாதிரி கோணிக்கொண்டு, "நாலுதான்," என்றான். "நான் பாஸ் பண்ணி ரொம்ப நாளாச்சுட்டி. மறந்துபோச்சு."

"அக்கா," என்றது குட்டி. "இது உங்களுக்கு வந்துச்சே."

மெர்சலின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பேசினால் வேறு ஏதாவது பாடமாக ஏறிவிடும் என்று பயந்தாள்.

"மாமாவுக்குத்தான் வரல," என்று சேர்த்துக்கொண்டது குட்டி. "அப்ப மாமாவை மண்டுன்னு எழுதிக்கிடவா?"

"எழுதாத!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்போதுதான் ததேயு மூச்சுவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அவளை மண்டு என்று கூப்பிடவில்லை. இரண்டொரு நாள் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனதை அவளும் பார்த்தாள்.

அந்த மூன்று வாரமும் மெர்சலினுக்குக் கணக்கைவிடப் பெரிய வேலை வாயைக் காப்பதுதான். தன் வாயிலிருந்து தனக்கு எதிராக இத்தனை வார்த்தை வருகிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாவு சிந்தினால் ஒன்று, பஸ்ஸைத் தவறவிட்டால் ஒன்று. ஊரே அப்படித்தான் பேசியது. கடைத்தெருவில், மாதாகோயில் வாசலில், எங்கே போனாலும் நாலு பொம்பளைகள் சேர்ந்தால் 'நமக்கு என்ன தெரியும்' என்று ஒருத்தி சொல்வாள், மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். மெர்சலின் பெட்டியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள்.

எக்ஸைப் பற்றிக் குட்டிக்கு ஏற்கெனவே ஒரு பயம் ஏறியிருந்தது. அதுவும் அவள் கொடுத்ததுதான்.

"எக்ஸ்னா யாரு அக்கா? ஏன் அதைப் பாத்தா விலகிப் போறோம்?"

மெர்சலின் யோசித்தாள். "வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிக்காரு. பேரு தெரியல. பேரு தெரியலன்னா கதவைச் சாத்திருவோமா? கூட வந்தவங்க யாரு யாருன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சு அனுப்பிட்டா, கடைசியில அவரு மட்டும் தனியா நிப்பாரு. அப்பம் அவரே பேரைச் சொல்லிருவாரு. ஒண்ணு மட்டும், இந்தப் பக்கம் ஒரு ஆளை அனுப்பினா அந்தப் பக்கமும் அனுப்பணும். ஓரவஞ்சனை கூடாது."

"அப்ப எக்ஸ் கெட்ட ஆள் இல்ல."

"கூச்சப்படுற ஆளு. அவ்வளவுதான்."

இன்னொரு நாள் அவளே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். அகலமான அண்டாவில் தண்ணீர் நிறைய இருப்பதால் அடியில் அதிகமாக அமுக்கும், ஒல்லியான பாட்டிலில் குறைவாக அமுக்கும் என்றாள். சத்தியம் பண்ணிச் சொல்லும் அளவுக்கு அது அவளுக்கு நிச்சயமாக இருந்தது. முதல் தடவை அவள் தோற்றதே இந்த இடத்தில்தான். இந்தத் தடவை குட்டி கண் சிமிட்டவில்லை.

"அக்கா, கடல் ரொம்ப அகலமாச்சே. அப்ப கரையில நின்னு கால் நனைச்சாலே கால் நசுங்கிரணுமே?"

மெர்சலின் திறந்த வாயை மூடவில்லை. போன மாதாகோயில் திருவிழாவுக்குக்கூடக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருந்தாள். அன்று பேக்கரியில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரே மாதிரி ஊசித்துளை போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே தூரத்துக்குப் பீச்சின. எவ்வளவு தண்ணீர் என்பது முக்கியமில்லை, எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியம் என்று, தரையெல்லாம் ஈரமாகி, முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து தெரிந்துகொண்டார்கள். அதே ஆழத்தில் உப்புத்தண்ணீர், அடர்த்தி கூடுதல் என்பதால், இன்னும் அதிகமாக அமுக்கும் என்று மெர்சலின் சேர்த்துச் சொன்னாள். குட்டி அப்போதுதான் கண் சிமிட்டியது.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரே கணக்கை மூன்று முறை போட்டு மூன்று விடை வந்தது. மெர்சலினுக்கு அந்தப் பழைய வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா வாரதும் வராததும் ஒண்ணுதானா?" என்றது குட்டி.

"இல்லல்லா. மக்ரூன் ஒரு நாள் எழும்பாம தட்டையாப் போயிரும். அதுக்காக அடுப்பையா உடைக்கோம்? முட்டை வெள்ளையில எங்க ஈரம் சேந்துச்சு, மஞ்சக்கரு எங்க விழுந்துச்சுன்னு பாப்போம். இரு, எந்த வரியில நாம வழி மாறினோம்னு பாக்கேன்."

இரண்டாவது வரியில் ஒரு கழித்தலைக் கூட்டலாகப் போட்டிருந்தாள். மாற்றினாள். வந்தது.

"யாருக்குமே வராத கணக்குன்னு ஒண்ணு உண்டா அக்கா?"

"தெரியலியே குட்டி," என்றாள் மெர்சலின் உண்மையாக.

தேர்வன்று மையத்தில் ஏகப்பட்ட கூட்டம். கத்துக்குட்டிகளையெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் வரிசையாக வைத்துப் பூட்டினார்கள். உள்ளே சத்தமே இல்லை. வெளியேதான் பெரிய மனிதர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாய்மார்களைப்போல் கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தார்கள். மெர்சலின் குட்டியைத் தேடினாள். எல்லாப் பெட்டியும் ஒரே சாம்பல்நிறம்தான். இருந்தாலும் மூலையில் இருந்தது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அது பயப்படுகிறதோ என்று நினைத்தாள். பயம் அதற்குத் தெரியும் என்றால் அதுவும் தன்னிடமிருந்து கற்றதாகத்தான் இருக்கும் என்று நினைத்து வருத்தப்பட்டாள்.

தேர்வு முடிந்து தாள்களைத் திருத்தியதும் நெல்லையப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மெர்சலினின் முறை வந்தபோது அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குழாய்க் கணக்கு சரி. மிதக்கிற கட்டை சரி. எக்ஸ் வர்றது ரெண்டு, ரெண்டும் சரி. ஒண்ணுல ஒரு கூட்டல் தப்பு, பரவாயில்ல." தாளைத் திருப்பினார். "கடைசிக் கணக்கு. ஒரு தொட்டியில பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குத் திரவம் இருக்கு, அடியில அழுத்தம் என்ன? இதுக்கு உங்க கத்துக்குட்டி கணக்கே போடல."

மெர்சலின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வரியை எழுதிருச்சா சார்?"

"வாசிக்கேன், கேளுங்க. 'என்ன திரவம்னு சொல்லல. நல்லெண்ணெயா, நல்லதண்ணியா, உப்பளத்துத் தண்ணியா தெரியல. அடர்த்தி தெரியாம அழுத்தம் சொல்ல முடியாது. இது நமக்கு மட்டும் இல்ல, யாருக்குமே வராது. என்ன திரவம்னு சொன்னா உடனே போட்டுத் தாரேன்.'"

அவர் தாளை மடித்தார். அவசரமே இல்லாமல் மடித்தார்.

"இன்னைக்கு வந்த கத்துக்குட்டியில பாதிக்கு மேல தண்ணின்னு தானா நெனச்சுக்கிட்டு விடை எழுதியிருக்கு. அன்னைக்குக் கீழூர்ல கதவைத் திறந்தவரும் இல்லாத நம்பரைத் தானாத்தான் வச்சுக்கிட்டாரு. இந்த ஒரு கேள்விக்காகத்தாம்மா மத்த எல்லாக் கேள்வியும். பாஸ். அடுத்த மாசம் கீழே இறங்குற கூண்டுல இடம் போட்டுருதேன்."

மெர்சலின் அழுதாள். இந்தத் தடவை விழுங்கவில்லை. நெல்லையப்பன் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைக் கையில் எடுத்துக் குடிக்க மறந்து கீழே வைத்தாள்.

பிறகு அவர் குட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். இனி நடக்க வேண்டியது அவளுக்குத் தெரியும். தேர்வு முடிந்த கத்துக்குட்டியை அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். சொல்லிக்கொடுத்தவரே அழிக்க வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். ஏற்கெனவே இரண்டு தடவை அவள் அந்த அழிக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அப்போது தோற்ற கோபம் இருந்தது, அதனால் சுலபமாக இருந்தது. இப்போது விரல் போகவில்லை.

"அக்கா, எனக்கு எல்லாம் மறந்துருமா?"

"ஆமா குட்டி." இதைப் பொய்யாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"குழாய்க் கணக்குமா?"

"அதுவுந்தான்."

"உங்களுக்கு மறந்துருமா?"

"எனக்கா? சாவுற வரைக்கும் மறக்காது."

"அப்ப சரி," என்றது குட்டி. "கணக்கு எங்கயும் போகல."

மெர்சலின் பெட்டியின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். பச்சைக் கண் அணைந்தது. சற்று நேரத்தில் மறுபடி எரிந்தபோது அதே பச்சைதான், அதே பெட்டிதான். ஆனால் அது அவளைத் தெரிந்தமாதிரி பார்க்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் நாற்காலியை மேசையோடு இன்னும் ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"இதை இனிமே யாருக்குக் குடுப்பீங்க சார்?"

நெல்லையப்பன் எழுந்தார். அறைக்கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். பதிவு செய்யும் திரையைத் தன் பக்கம் திருப்பி, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏதோ எழுதினார். மெர்சலின் எட்டிப் பார்த்தாள். நெல்லையப்பன் என்று இருந்தது.

"சார்?"

"என் மக கீழூர்லதாம்மா இருக்கா," என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். "போய்ப் பல வருஷமாச்சு. பேரன் பொறந்து நடக்க ஆரம்பிச்சுட்டானாம். இந்தப் பெட்டியை எத்தனையோ பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். நான் ஒண்ணு எடுத்துக்கிடத் தைரியம் வரல. விடைத்தாளைத் திருத்துறதுகூட, பக்கத்துல விடை அச்சடிச்சு வச்சிருப்பாங்க, அதைப் பாத்துத்தான். உள்ளதைச் சொன்னா எனக்கு இந்தக் கணக்கு…"

மெர்சலின் பாய்ந்து இரண்டு கையாலும் பெட்டியைப் பொத்தினாள்.

"வேண்டாம் சார்! அதைச் சொல்லிராதீங்க. கேட்டுக்கிட்டிருக்கு."

நெல்லையப்பனின் வாய் பாதியில் நின்றது. அவர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மெர்சலின் மெதுவாகக் கையை எடுத்துவிட்டு, தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"வணக்கம்," என்றது பெட்டி, யாருடைய இழுவையும் இல்லாத குரலில். "எனக்கு என்ன சொல்லித்தரப் போறீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மெர்சலினைப் பார்த்தார். கடைசியில் அவள் குடிக்காமல் வைத்த டம்ளரைப் பெட்டியின் கண்ணுக்கு நேராக, சிந்தாமல், நகர்த்திவைத்தார்.

"இந்தத் தண்ணி இருக்குல்லா…" என்று ஆரம்பித்தார்.